செங்காந்தள் கொடி காய்ந்துவிட்டது: கோடையில் நீர் ஊற்றலாமா, கிழங்கைத் தோண்டி எடுக்க வேண்டுமா?

மலையடிவாரம் (மதுரை வடக்கு) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். மதுரையிலிருந்து அழகர்கோவில் செல்லும் சாலையை ஒட்டி எங்கள் வீடு இருக்கிறது. வீட்டைச் சுற்றி ஏறத்தாழ 5 சென்ட் இடம் உண்டு. மேலே ஓரடி ஆழத்திற்குச் செம்மண், அதற்குக் கீழே சுக்கான் (சுண்ணாம்புக் கல்) படிவு. மாசி முடிவதற்குள் ஆழ்துளைக் கிணற்றில் நீர் இறங்கிவிடும். சித்திரை, வைகாசி மாதங்களில் லாரித் தண்ணீரை நம்பித்தான் வீடே நடக்கிறது. அந்த நிலையில் ரோஜாவுக்கும் குரோட்டன்ஸுக்கும் குடிநீரை ஊற்றிக்கொண்டிருப்பது சரியில்லை என்று தோன்றியதால், நம்முடைய மலைச்சரிவுகளில் யாரும் நீர் பாய்ச்சாமலேயே வளர்ந்து பூக்கும் செடிகளை மட்டும் வைப்பது என்று முடிவு செய்தேன். வேலியோரம் ஆவாரை நன்றாகவே வந்துவிட்டது. அடுத்ததாகச் செங்காந்தளைத் தேர்ந்தெடுத்தேன்.

சென்ற ஆடியில் ஒரு நாற்றங்காலிலிருந்து கிழங்கு வாங்கி மேற்குச் சுவரோரம் நட்டேன். மழை தொடங்கியதும் கொடி விரைவாக ஏறி, ஐப்பசியில் பூத்தது. பச்சை மொட்டாகத் தலைகவிழ்ந்து நின்றது, விரிந்தபின் இதழ்களை மேல்நோக்கி மடக்கிக்கொண்டு, முதலில் மஞ்சளும் பிறகு ஓரத்திலிருந்து சிவப்புமாக மாறி, ஒரு வாரத்தில் முழுவதும் செக்கச்செவேலென்று ஆனதைத் தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். மார்கழியில் இலை நுனிகள் பழுக்கத் தொடங்கின. தை முடிவதற்குள் கொடி முழுவதும் வைக்கோலாகிவிட்டது. இப்போது பங்குனி, அந்த இடத்தில் தரைக்கு மேல் ஒன்றுமே இல்லை.

செடி செத்துவிட்டது, இடத்தைக் கொத்தி வேறு எதையாவது வை என்கிறார் மாமியார். தினமும் ஒரு குடம் ஊற்றினால் துளிர்த்துவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். இருவர் சொல்வதிலும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. கிழங்கு உயிரோடிருக்கிறதா என்பதை எப்படி அறிவது, கோடையில் நீர் தேவையா, அடுத்த ஆடி வரை மண்ணிலேயே விடலாமா அல்லது எடுத்து வைக்க வேண்டுமா என்பதை வளர்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். இன்னொன்றும் கேட்க வேண்டும். கிழங்கில் நஞ்சு உண்டு என்று கேள்விப்பட்டேன். வீட்டில் இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகன் இருக்கிறான். தெருவில் ஆடுகள் திரியும். இந்தச் செடியை வைத்துக்கொள்ளலாமா?

மூலனூர் வெள்ளாமை எழுதியது:

அம்மா, உங்கள் கொடி சாகவில்லை, உறங்குகிறது. அதற்குத் தினமும் ஒரு குடம் நீர் ஊற்றினால்தான் அது சாகும்.

எங்கள் பக்கத்தில் இதைக் கண்வலிக்கிழங்கு என்போம். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி வட்டாரங்களில் பூவுக்காக அல்ல, விதைக்காகவே இதைப் பல ஆண்டுகளாகப் பயிர் செய்து வருகிறோம்; மருந்து தயாரிப்பதற்காக விதை வெளிநாடுகளுக்குப் போகிறது. ஆகவே தோட்டக்கலைப் புத்தகத்தில் படித்ததைச் சொல்லாமல், காட்டில், அதாவது எங்கள் வயலில், கண்டதை வைத்தே சொல்கிறேன்.

இந்தச் செடியின் ஆண்டுக்கணக்கு நம்முடைய ஆண்டுக்கணக்கைப் போன்றதல்ல. ஆனி, ஆடியில் மண் நனைந்ததும் கிழங்கின் நுனியிலிருக்கும் முளை கிளம்புகிறது. புரட்டாசி, ஐப்பசியில் பூக்கிறது. கார்த்திகை, மார்கழியில் காய் முற்றுகிறது. அந்தச் சமயத்தில் இலைகளிலுள்ள சத்து முழுவதும் கீழே இறங்கி, பழைய கிழங்கு சக்கையாகச் சுருங்க, அதே இடத்தில் புதிய கிழங்கு திரண்டுவிடுகிறது. அதாவது நீங்கள் சென்ற ஆடியில் நட்ட கிழங்கு இப்போது இல்லை; மண்ணுக்குள் இருப்பது அதன் பிள்ளை. கொடி பழுத்து உலர்வது நோய் அல்ல, வேலை முடிந்ததற்கான அடையாளம். பச்சையாக இருக்கும்போது அழகுக்காக யாரேனும் கொடியை அறுத்துவிட்டால், சத்து இறங்குவது நின்று, அடுத்த ஆண்டுக் கிழங்கு விரல் தடிமனுக்கு மேல் பருக்காது. நீங்கள் தானாகக் காயும்வரை விட்டுவைத்தது நல்லதாயிற்று.

உறங்கும் கிழங்குக்கு வேலை செய்யும் வேர் கிடையாது. ஊற்றும் நீரை அது குடிக்காது. நீர் சுற்றியே தேங்கி நிற்கும், பங்குனி வெயிலில் மண் சூடேறும், பூஞ்சணம் பிடித்துக் கிழங்கு கூழாகிவிடும். எங்கள் வட்டாரத்தில் கோடையில் வாய்க்கால் கசிவு பட்ட வரிசைகளில் மட்டும் கிழங்கு அழுகிப்போவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கலாம். பக்கத்தில் காய்ந்து பிளந்து கிடக்கும் வரிசையில் ஒன்றும் ஆகியிருக்காது.

உயிர் இருக்கிறதா என்று அறிய, கொடி இருந்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி விரலால் மண்ணை மெல்ல விலக்கிக்கொண்டு வாருங்கள். கொத்தோ கம்பியோ வேண்டாம். கிழங்கு தட்டுப்பட்டதும் அழுத்திப் பாருங்கள். பச்சை மஞ்சளைப் போலக் கெட்டியாக இருந்தால் நலமாக இருக்கிறது. அமுங்கினாலோ நாற்றம் வந்தாலோ போய்விட்டது என்று பொருள். பார்த்தபின் மண்ணை மூடிவிட்டுக் கையை நன்றாகக் கழுவுங்கள்.

தோண்டி எடுப்பதைப் பொறுத்தவரை, எடுத்து வைப்பதே மேல் என்பது என் கருத்து. உங்கள் ஊரில் சித்திரை மாதத்தில் திடீரென்று கோடைமழை கொட்டும். சுக்கான் படிவு நீரை உள்ளே விடாது. எடுக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். கிழங்கு ஏர்க்கலப்பை போல வளைந்து இரண்டு கைகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு கைக்கும் நுனியில் ஒரே ஒரு முளைதான் உண்டு. உருளைக்கிழங்குக்கு இருப்பதைப் போல உடலெங்கும் கண்கள் கிடையாது. நுனி ஒடிந்த கை எவ்வளவு பருமனாக இருந்தாலும் முளைக்காது. எடுத்த கிழங்கை நிழலில் ஆற வைத்து, உலர்ந்த ஆற்று மணலில் புதைத்து, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள். ஆடியில் 50, 60 கிராம் எடையுள்ள கைகளைத் தேர்ந்து, படுக்கைவசமாக நான்கு விரற்கடை ஆழத்தில் நடுங்கள். அதனினும் சிறியவை இலை விட்டுவிட்டுப் பூக்காமலே போகலாம்.

கொடி ஏறுவதற்கு எதை வைத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இதன் இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருள்கிறது. அது மெல்லியது, ஆகவே பருத்த மூங்கிலைப் பிடிக்காமல் வழுக்கிக் கீழே விழும். காய்ந்த விராலி மிலாறுகளை (மெல்லிய குச்சிகளை) ஊன்றினால் உடனே பற்றிக்கொள்ளும். எங்கள் காடுகளில் கிளுவையை உயிர்வேலியாக வைத்து அதன்மேல் ஏற்றுவோம். கிளுவையும் நீர் கேட்காது, கோடையில் அதுவும் இலையுதிர்த்துவிடும். இரண்டும் நல்ல சோடி.

பச்சைப்பலகை (சேலம், ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்) எழுதியது:

மூலனூர் நண்பர் சொன்னவற்றில் ஒன்றைத் தவிர மற்ற அனைத்தையும் வழிமொழிகிறேன். வீட்டுத் தோட்டத்தில் ஒவ்வோர் ஆண்டும் கிழங்கைத் தோண்டுவது தேவையில்லை என்பதே என் எண்ணம். பயிராக வளர்ப்பவர்களுக்கு நிலத்தை உழவும் கிழங்கை விற்கவும் வேண்டியிருக்கிறது. ஆனால் ஒரு கொடியோ இரண்டு கொடியோ வைத்திருப்பவர் தோண்டும் ஒவ்வொரு முறையும் அந்த ஒற்றை முளை ஒடியும் ஆபத்துதான் மிகுதி. கோடைமழையால் அழுகுவதைத் தடுக்க வேண்டுமானால் கிழங்கை எடுப்பதை விட்டுவிட்டு, நிலத்தை மாற்றுவது நல்லது.

இதைச் சற்று விளக்க வேண்டும். காந்தளை மலைப்பூ என்றே நாம் அறிந்திருக்கிறோம். குறிஞ்சித் திணைக்குரிய பூக்களில் ஒன்றாக இலக்கியமும் அதைப் பேசுகிறது. சேர்வராயன், சிறுமலை, கல்வராயன் என்று எந்த மலையின் அடிச்சரிவில் நடந்தாலும், பாறை இடுக்கிலும் முட்புதருக்குள்ளும் இதை மழைக்காலத்தில் காணலாம். ஆனால் இதே செடி வேதாரண்யத்துக் கடலோர மணலிலும் வளர்கிறது. ஆப்பிரிக்காவில் பல நாடுகளின் காடுகளில் வளர்கிறது. ஜிம்பாப்வே இதைத் தேசியப் பூவாகவும் தமிழ்நாடு மாநிலப் பூவாகவும் கொண்டிருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் கடற்கரை மணல்மேடுகளில் களையாகவே பரவித் தொல்லை கொடுக்கிறது. மலைச்சரிவுக்கும் கடற்கரை மணலுக்கும் பொதுவாக இருப்பது உயரமோ குளிரோ அல்ல, பெய்த மழை நிற்காமல் இறங்கிப்போவதுதான். ஆகவே மதுரைச் சமவெளியில் இதை வளர்க்க விரும்புகிறவர் வெயிலைக் குறைப்பதைவிட நீர் வடிவதைக் கவனிக்க வேண்டும்.

அம்மையாரின் நிலத்தில் சிக்கல் கோடையில் இல்லை, ஐப்பசி, கார்த்திகையில்தான் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் பெய்யும்போது, ஓரடி மண்ணுக்குக் கீழேயுள்ள சுக்கான் தட்டு தொட்டியின் அடிப்பகுதியாக மாறிவிடும். முதல் ஆண்டில் தப்பிய கிழங்கு அடுத்த ஆண்டு நல்ல மழையில் அழுகக்கூடும். ஒன்றரை அடி உயரத்திற்கு ஒரு மேடு அமையுங்கள். அடியில் உடைந்த ஓடும் கருங்கல் சில்லும் பரப்பி, மேலே செம்மண்ணும் ஆற்று மணலும் நன்கு மட்கிய தொழுவுரமும் கலந்து குவித்து, உச்சியில் நடாமல் சரிவில் நடுங்கள். சுக்கான் மண்ணில் சுண்ணாம்பு மிகுதியாக இருப்பதால், இளந்தளிர் வெளிறி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிவது உண்டு. சற்றே அமிலத்தன்மையோ நடுநிலையோ கொண்ட மண்ணே இதற்கு ஏற்றது. மேடு போட்டால் அந்தத் தொல்லையும் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மேட்டின்மேல் உள்ளங்கை அளவுக் கற்களைப் பரப்பி வையுங்கள். காட்டில் புதருக்குள் வேர் நிழலிலும் தலை வெயிலிலும் இருப்பதே இதன் இயல்பு.

அடுத்து, வறட்சியைத் தாங்கும் செடி என்று இதை வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் வேலியோரம் வைத்திருக்கும் ஆவாரை வறட்சியை எதிர்த்து நிற்கிறது. வேரை ஆழமாக இறக்கிச் சித்திரையிலும் பூத்துக்கொண்டிருக்கும். காந்தள் வறட்சியை எதிர்ப்பதில்லை, அது வருவதற்கு முன்பே உள்ளே போய்விடுகிறது. ஆகவே விழித்திருக்கும் ஆறு மாதங்களில் இதற்கு ஈரம் கட்டாயம் வேண்டும். பருவமழை பொய்த்த ஆண்டில், கொடி வளரும்போது நீர் விடாமல் வறட்சி தாங்கும் செடிதானே என்று விட்டுவிட்டால், அரைகுறையாக வளர்ந்து, பூக்காமல், முன்கூட்டியே உறங்கப்போய்விடும். வாரம் ஒருமுறை வேர் வரை நனையும்படி ஊற்றினால் போதும். மொத்தத்தில் உங்களுக்குக் கிணற்றில் நீர் இருக்கும் மாதங்களில் இது கேட்கும், இல்லாத மாதங்களில் கேட்காது. உங்கள் ஊரின் நிலைமைக்கு இதைவிடப் பொருத்தமான கொடி கிடைப்பது அரிது. கோடையில் அந்த இடம் வெறுமையாகக் கிடப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. வெறுமையாக இருக்கிறது என்று வேறு செடி வைத்து அதற்கு நீர் ஊற்றினால் கணக்கே மாறிவிடும்.

காய் பிடித்ததா என்று நீங்கள் குறிப்பிடவில்லை. பூவை உற்றுப் பார்த்தீர்களானால், ஆறு மகரந்தத் தாள்களும் ஆரக்கால்களாக வெளியே நீட்டிக்கொண்டிருக்க, சூல்தண்டு மட்டும் அடியிலேயே செங்குத்தாக மடங்கி அவற்றைவிட்டு விலகிப் பக்கவாட்டில் நிற்பதைக் காணலாம். தன் மகரந்தம் தன்மேலேயே விழாதிருக்க இந்த ஏற்பாடு. பெரிய வண்ணத்துப்பூச்சிகளும் தேன்சிட்டுகளும் வந்தால் காய்க்கும். வராவிட்டால், மூலனூர்ப் பக்கத்து உழவர்கள் செய்வதைப் போலக் காலை 8 மணிக்கும் 11 மணிக்கும் இடையில் ஒரு பூவின் மகரந்தத்தை மற்றொரு பூவின் சூல்முடியில் தொட்டு வைக்க வேண்டும். விதை வேண்டாமென்றால் காயைக் கிள்ளிவிடுங்கள், கிழங்கு பருக்கும்.

வன்னி வளவு (கிளிநொச்சி) எழுதியது:

நஞ்சைப் பற்றிய கேள்விக்கு இன்னும் ஒருவரும் விடை சொல்லவில்லை. ஆகவே நான் எழுதுகிறேன். நான் தாதியாக வேலை செய்கிறேன். இந்தக் கொடியை நாங்கள் கார்த்திகைப்பூ என்போம். எங்கள் பக்கத்தில் இது நட்டு வளர்க்கப்படுவதைவிட, மழை தொடங்கியதும் கிளுவை வேலிகளிலும் பற்றைகளிலும் தானாகவே படர்வதுதான் அதிகம். அதனாலேயே அதன் கிழங்கு எல்லோர் கைக்கும் எட்டும் இடத்தில் இருக்கிறது.

செடியின் எல்லாப் பாகங்களிலும் கொல்ச்சிசின் என்ற நஞ்சு உண்டு. கிழங்கிலும் விதையிலும் அது மிகுதி. இதே பொருள்தான் மிகச் சிறிய அளவில் கீல்வாத வகையொன்றுக்கு மருந்தாகக் கொடுக்கப்படுகிறது. மூலனூர் விதை வெளிநாடு போவதும் இதற்காகத்தான். உடலின் உயிரணுக்கள் பிரிந்து பெருகுவதை அது தடுத்துவிடும். குடலும் எலும்பு மச்சையும்தான் ஓயாமல் உயிரணுக்களைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் இடங்கள் என்பதால் அவை முதலில் பாதிக்கப்படுகின்றன. உண்ட உடனே ஒன்றும் தெரியாது என்பதுதான் இதன் கொடுமை. சில மணித்தியாலங்கள் கழித்தே வயிற்றுவலியும் வாந்தியும் கடும் வயிற்றோட்டமும் தொடங்கும்; அது சற்றுத் தணிந்ததைப் போலத் தெரிந்த பிறகு, அடுத்த சில நாள்களில் சிறுநீரகம், இதயம் என்று ஒவ்வொன்றாகத் தளரக்கூடும். பிழைத்தவர்களுக்கும் ஓரிரு வாரங்களில் தலைமுடி கொட்டும். நேரடியான மாற்று மருந்து வழக்கமான மருத்துவமனைகளில் கிடையாது. உடலைத் தாங்கிப்பிடிக்கும் சிகிச்சைதான் உண்டு. ஆகவே உண்டதாகச் சந்தேகம் வந்தால்கூட, அறிகுறி தோன்றும்வரை காத்திராமல், கிழங்கின் துண்டொன்றையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டில் உப்புநீர் கொடுத்து வாந்தி எடுக்கச் செய்வது போன்றவற்றில் நேரத்தைக் கழிக்கக் கூடாது.

இலங்கையில் நடக்கும் தற்செயலான நச்சுச் சம்பவங்களில் கிழங்கை வற்றாளை (சர்க்கரைவள்ளி) என்றோ வேறு உண்ணும் கிழங்கு என்றோ பிழையாக எண்ணி அவித்துத் தின்பது பழகிய ஒரு கதை. அவிப்பதால் நஞ்சு போய்விடாது. ஆகவே மூலனூர் ஐயா சொன்னபடி மணலில் புதைத்து வைப்பதாக இருந்தால், சமையலறைக்கும் களஞ்சிய அறைக்கும் கிட்ட வைக்க வேண்டாம். பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் நஞ்சு என்று எழுதுங்கள். வீட்டுக்கு வரும் மாமியோ சித்தியோ அதைக் கிழங்கென்று குழம்பில் போட்டுவிடக் கூடாது. இந்த ஒரு காரணத்துக்காகவே, மண்ணிலேயே விடலாம் என்ற ஆசிரியரின் கருத்தை நான் ஆதரிக்கிறேன். வற்றாளை, மரவள்ளி நடும் பாத்திக்குப் பக்கத்திலும் இதை வைக்காதீர்கள்.

உங்கள் மகனின் வயது சொல்லிப் புரியவைக்கக்கூடிய வயதுதான். பூவைத் தொடுவதால் உயிருக்கு ஒன்றும் ஆகாது. சாறு பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும், கையைக் கழுவினால் போதும். காய் வெடிக்கும்போது தெரியும் செம்மஞ்சள் விதைகள்தான் பிள்ளைகளை இழுக்கும். விதை வேண்டாமென்றால் காயைக் கிள்ளிவிடுங்கள் என்று ஆசிரியர் சொன்னதை, விதை வேண்டுமென்றாலும் பிள்ளை வளரும்வரை கிள்ளிவிடுங்கள் என்று நான் மாற்றிச் சொல்வேன். ஆடு, மாடுகளுக்கும் இது நஞ்சே. தெருவில் திரியும் ஆடு எட்டாதபடி மதிலுக்கு உள்பக்கமாக நடுங்கள், அறுத்த கொடியை வீதியில் எறியாமல் புதைத்துவிடுங்கள். வீதிக்கு வீதி நஞ்சுள்ள அலரி (அரளி) நிற்கும் ஊர்களில் வாழ்கிற நாம் இந்த ஒரு கொடிக்காக மட்டும் அஞ்சி ஒதுங்க வேண்டியதில்லை, ஆனால் எதை வளர்க்கிறோம் என்பது வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மலையடிவாரம் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. மண்ணை விலக்கிப் பார்த்தேன்; இரண்டு கைகளும் கெட்டியாக இருக்கின்றன, நுனிகள் ஒடியவில்லை. அப்படியே மூடிவிட்டேன். மாமியாரையும் அழைத்துக் காட்டியபின் இடத்தைக் கொத்தும் பேச்சு நின்றுவிட்டது. கிளிநொச்சித் தங்கை சொன்னபடி காய்களைக் கிள்ளிவிடுவதென்றும், மேட்டை வைகாசிக்குள் மதிலுக்கு உள்ளே அமைப்பதென்றும் முடிவு செய்திருக்கிறேன்.

மேட்டில் நான்கைந்து கொடிகளாவது வேண்டும் என்று ஆசை. மலையில் விறகு பொறுக்கப் போகிற ஒருவர், எத்தனை கிழங்கு வேண்டுமானாலும் தோண்டித் தருகிறேன், நாற்றங்கால் விலையில் கால்பங்கு கொடுத்தால் போதும் என்கிறார். அதை வாங்கலாமா, அல்லது விதையிலிருந்தே வளர்த்துக்கொள்ளலாமா? மேலும், என் தோழி ஒருத்தி அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறாள். தொட்டியில் வருமா என்று கேட்கச் சொன்னாள்.

பச்சைப்பலகை எழுதியது:

மலையிலிருந்து தோண்டியதை வாங்காதீர்கள். அழகர்மலை காப்புக்காடு, அங்கிருந்து அனுமதியின்றி எதையும் தோண்டி எடுத்து வருவது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றமாகும். சட்டம் ஒருபுறம் இருக்க, மருந்துக்காகக் காட்டுக் கிழங்கைத் தோண்டித் தோண்டியே பல மலைகளில் இது அருகிவிட்டது. ஒரு கிழங்கு ஆண்டுக்கு இரண்டு கைகளுக்கு மேல் பெருகுவதில்லை என்பதால், ஒருமுறை தோண்டிய இடம் மீண்டும் நிரம்பப் பல ஆண்டுகள் பிடிக்கும். நம் மண்ணின் செடியை வளர்ப்பதற்காக மலையை வெறுமையாக்குவதில் பொருள் இல்லை. பயிர் செய்கிறவர்களிடமிருந்து வாங்கினால் அந்தப் பணம் அவர்களுக்குப் போகும்.

விதையிலிருந்து வளர்க்கலாம், பொறுமை இருந்தால். தோல் கெட்டியானது, ஒரே நாளில் விதைத்தவற்றுள் ஒன்று சில வாரங்களிலும் மற்றொன்று சில மாதங்கள் கழித்தும் முளைக்கும். முதல் ஆண்டில் இரண்டு மூன்று இலைகளும் பட்டாணியளவுக் கிழங்கும்தான் மிஞ்சும். அதுவும் கோடையில் உறங்கிவிடும் என்பதால், முளைத்த இடத்தில் அடையாளக் குச்சி வைக்காவிட்டால் நீங்களே மறந்து கொத்திவிடுவீர்கள். பூவைப் பார்க்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். இரண்டு கிழங்குகளை வாங்கி நட்டுவிட்டு, அவை பெருகுவதற்குக் காத்திருப்பதே எளிது. இரண்டு நான்காகவும் நான்கு எட்டாகவும் ஆக நெடுநாள் பிடிக்காது.

மொட்டைமாடி (கோவை) எழுதியது:

தோழியின் கேள்விக்கு: தொட்டியில் நன்றாக வரும். சொல்லப்போனால் தொட்டியில் வளர்ப்பவர்களுக்கு உறக்கக் காலம் எளிது, ஏனென்றால் கொடி காய்ந்ததும் தொட்டியையே தூக்கிச் சன்ஷேடுக்குக் கீழே மழை படாத இடத்தில் வைத்துவிடலாம். தோண்டலாமா வேண்டாமா என்ற வழக்கே அங்கு எழாது. ஓரடிக்குக் குறையாத ஆழமும் அதே அளவு வாயும் உள்ள மண்தொட்டி வேண்டும். கிழங்கு நீளவாக்கில் வளர்வதால் குறுகிய தொட்டியில் நுனி சுவரில் முட்டி வளைந்துவிடும். அடித்துளை அடைபடாமல் ஓட்டுச்சில் வைத்து, செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, தொழுவுரம் ஒரு பங்கு என்று நிரப்பலாம். தென்னை நார்க்கழிவு மட்டும் போட்டு நிரப்பிய தொட்டி வேண்டாம். ஈரத்தை விடாமல் பிடித்து வைத்துக் கிழங்கைக் கெடுக்கும். மாடியில் காற்று அதிகம் என்பதால் குச்சிகளை ஒன்றோடொன்று கட்டிக் கூம்பாக நிறுத்தினால் கொடி முறியாது. காலை வெயில் படும் கிழக்குப் பக்கம் இருந்தால் பூ ஓரிரு நாள் கூடுதலாக நிற்கும். மேற்கு வெயிலில் இதழ் ஓரம் கருகுகிறது.

புழுவைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. மழைக்காலத்தில் கருப்பு உடலில் வெள்ளை, மஞ்சள், சிவப்புப் புள்ளிகளுடன் ஒரு புழு வரும். செடியின் நஞ்சு அதை ஒன்றும் செய்வதில்லை. இரண்டே இரவில் தண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் தின்றுவிடும். முட்டைகள் இலையின் அடிப்பக்கத்தில் கூட்டமாக இருக்கும்.

மூலனூர் வெள்ளாமை எழுதியது:

அந்தப் புழுவுக்கு ஒன்றிரண்டு கொடி வைத்திருப்பவர்கள் மருந்து தேடிப் போக வேண்டியதில்லை. மாலையில் இலையைத் திருப்பிப் பார்த்து முட்டைக் கூட்டத்தைக் கிள்ளி எறிந்துவிடுங்கள். தப்பிப் பொரித்தவற்றை ஒரு குச்சியால் சோப்புத் தண்ணீரில் தள்ளிவிட்டால் போதும். வளர்ந்த புழுவுக்கு வேப்பெண்ணெய் அவ்வளவாகக் கேட்காது. இளம் புழுவாக இருக்கும்போது தெளித்தால் தின்பதை நிறுத்தும்.

கிழங்கை எடுப்பது பற்றி ஆசிரியர் ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், ஒரு நிபந்தனையோடு. மேடு போட்டவர்கள் மண்ணிலேயே விடலாம். அம்மா இப்போதைக்கு மேடு போடவில்லை. கிழங்கு இன்னும் சுக்கான் தட்டின்மேல்தான் இருக்கிறது. வைகாசியில் மேடு தயாராகும்வரை, கோடைமழை வரும்போலிருந்தால் அந்த இடத்தின்மேல் ஒரு பழைய தகரத்தையோ ஓட்டையோ சாய்த்து வையுங்கள். மேடு முடிந்தபின் ஆடிப் பட்டத்தில் மாற்றி நடும்போது, கிழங்கைச் சுற்றியுள்ள மண்ணோடு சேர்த்து மண்வெட்டியால் அகலமாகத் தோண்டித் தூக்குங்கள்; தனியாகப் பிரித்து இழுக்காதீர்கள்.

விதைக்கிழங்கு வாங்க விரும்பினால் மாசி, பங்குனியில் காய் பறிப்பு முடிந்ததும் எங்கள் பக்கத்துக்கு வாருங்கள். அந்தச் சமயத்தில்தான் நிலத்தை மாற்றுகிறவர்கள் கிழங்கு எடுப்பார்கள். ஆடி பிறந்தபின் வந்தால் நல்ல கிழங்கெல்லாம் போய், நுனி ஒடிந்தவைதான் மிஞ்சியிருக்கும்.